துள்ளிய கோடு

பாலுசாமியின் கன்னத்தில் ஒயர்களை ஒட்டினார் பீளமேடு பல் டாக்டர் மோகன்குமார்.

"தாடை மூட்டு வலிக்குச் சதை இறுக்கமும் காரணமா இருக்கும். சதை இறுகினா இந்த மெஷின் திரையில கோடு எகிறும், பார்த்துடலாமுங்க."

"மெஷின் சரியாக் காட்டுதுங்களா?"

"பாருங்க. இனிப் பேசாதீங்க, தாடையைத் தளர விடுங்க."

டாக்டர் மோவாயில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். திரையில் கோடு துள்ளி அடங்கியது.

"எவ்வளவு துல்லியம்! வெளிநாட்டு மெஷினை மூலையில வெச்சுட்டேன். இது சுபிக்ஷான்னு நம்மூர்ப் பொண்ணு செஞ்சதுங்க."

தட்டாமலே கோடு எகிறியது.

"ஏனுங்க பல்லைக் கடிக்கறீங்க? வலிக்குதுங்களா?"

"இல்லீங்க, சிரிப்பை அடக்குறேன். சுபிக்ஷா எம் பொண்ணுங்க. அப்பன்னு தெரிஞ்சா மரியாதைக்காவது நல்லாருக்குன்னு சொல்லிப்போடுவீங்களாம். மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புனா."

டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாலயே அவங்க மெஷின் உங்களைக் காட்டிக் குடுத்துருச்சுங்க!"