நாலு டிவிக்காரி

அந்த ஒற்றை அறைக்குள் நாலு டிவி இருந்தது. இரண்டு ஃபேன், ஒரு மிக்சி வேறு.

"இதெல்லாம் யாரோடதும்மா?"

"என்னோடதுதான் சார்."

குச்சி அக்கா கண்ணை இமைக்காமல் சொன்னாள். வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்ப்பவள். உடம்புக்கு ஏற்ற பெயர். வாசலில் தையல்காரரும் கொத்தனார் சம்சாரமும் வாயடைத்து நின்றார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார் கணக்கெடுக்க வந்தவர்.

அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும்தான். நாடு வளர்ந்துவிட்டது என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வளர்ந்த நாட்டில் ஏழைகள் குறைந்தாக வேண்டும். இலவச வீட்டுத் திட்டத்திலிருந்து தெருவுக்கு ஒருவரையாவது கழித்துக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு. காலையிலிருந்து ஒருவரும் சிக்கவில்லை. போன வீடெல்லாம் வெறும் சுவர், அதில் ஓர் ஆணி. அந்த முகங்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒருத்திக்கு எதுக்கு நாலு டிவி? மூலைக்கு ஒண்ணா வெச்சுப் பாப்பியா?"

"ஆசைதான் சார்."

அவர் பேனாவைத் திறந்து அவள் பெயரைக் கழித்தார்.

அவள் விடவில்லை. அந்தப் புது வீடுகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். சமைக்கத் தனி இடம் உண்டா, மழை வந்தால் பாயை இடம் மாற்ற வேண்டாமா என்றெல்லாம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா என்று கேட்கும்போது மட்டும் குரல் தணிந்தது. இங்கே கதவு இருக்கவேண்டிய இடத்தில் சாக்குதான் தொங்கியது. அவரும் பார்த்தார். நாலு டிவி கண்ணை மறைத்தது.

"உனக்குத்தான் கிடையாதே, அப்புறம் எதுக்குக் கேக்கிற?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

பேராசைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் குடையை அங்கேயே விட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் விளக்கு எரிந்தது, குச்சி அக்கா வீட்டைத் தவிர.

அவள் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்த வெளிச்சத்தில் டிவிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. தூக்கிப் போனவர்கள், பகலில் அவர் பாவம் பார்த்தவர்கள். அவரைக் கண்டதும் போட்டது போட்டபடி நின்றார்கள்.

அந்த வீட்டுக்குக் கரண்ட் கம்பியே போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

தையல்காரர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். டிவி இருந்தால் ஏழை இல்லை என்று கழித்துவிடுவார்களென்று பயமாம். இன்னும் தவணைகூட முடியாத பொருள்களாம். கரண்டே இல்லாத வீட்டை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி, தெருவே இந்த ஒரு வீட்டில் கொண்டுவந்து அடைத்துவிட்டதாம்.

அவர் குச்சி அக்காவைப் பார்த்தார்.

"என்னோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு வீடு கிடைச்சிருக்குமேம்மா?"

அவள் உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப யாரோடதுன்னு அடுத்துக் கேட்டிருப்பீங்களே சார்."