பாதிக் குளியல்

"என்னங்க, தண்ணி நின்னுபோச்சு. ஷாம்பு கண்ணுல இறங்குது."

டிரெய்லரின் குட்டிக் குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தபோது, அவர் வெளியே மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேம்பர் டிரெய்லர் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி, மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பி அன்றோடு நாலு நாள்.

"டேங்க்ல பாதி இருக்கே. காலையிலதான் முள்ளைப் பார்த்தேன்."

"அது முந்தாநாளும் பாதிதான் காட்டுச்சு, நேத்தும் பாதிதான் காட்டுச்சு."

அவர் எழுந்துபோய் முள்ளை விரலால் தட்டினார். அதுவரை பாதியில் நின்றிருந்த முள் பொத்தென்று விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. நேற்று பெட்ரோல் பங்கில் 'தண்ணி பிடிச்சுக்கலாமா' என்று அவள் கேட்டதும், 'மெக்கானிக்குக்கே பாடம் எடுக்கிறியா' என்று இவர் மடக்கியதும் நினைவுக்கு வந்தது.

"குடிக்கிற பாட்டில்ல இருக்கா?"

"அரை பாட்டில் இருக்கு. ஒரு கண்ணு கழுவலாம். இன்னொரு கண்ணுக்கு என்ன பண்றது?"

அவர் முள்ளை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் ரொம்ப நிதானமாக வந்தது. அந்த நிதானத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

"பத்து நிமிஷம் பார்ப்பேன். தண்ணி வரலைன்னா வண்டியை வீட்டுக்குத் திருப்புங்க. போனதும் முதல் வேலையா இதை வித்துடலாம்."

இரண்டு இருபது லிட்டர் கேன்களைத் தூக்கிக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாகச் சாலையில் கிளம்பினார். யாரிடமும் போய் ஒன்று கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கொஞ்ச தூரத்தில் தனியாக ஒரு வீடு. கேட் திறந்திருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"யார் சார் நீங்க? என்ன வேணும்?"

"அம்மா, கொஞ்சம் தண்ணி... டிரெய்லர்ல வந்திருக்கோம். என் மனைவி தலையில நுரையோட நிக்கிறா."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இறுக்கம் தளர்ந்து, குரலில் ஓர் அதிகாரம் வந்தது.

"ரெண்டு கேன்தான். அதுக்கு மேல கேட்கக் கூடாது. குழாய் அதோ அந்த ஜன்னலுக்குக் கீழ. கேட்டைச் சாத்திட்டு வாங்க."

அவர் பவ்யமாகச் சாத்திவிட்டு வந்து, குழாயைத் திறந்து கேனை அடியில் வைத்தார்.

"எடுங்க எடுங்க. திறந்ததும் கேனை வைக்கலாமா? வெயில்ல கிடந்த குழாய். கொஞ்சம் ஓட விட்டுப் பிடிங்க. வீணாக்காம அந்தத் தொட்டிச் செடிக்குத் திருப்பி விடுங்க. வாடிக் கிடக்குது, பாவம்."

அவர் செடிக்கு விட்டார். தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது.

"பின்னால ஒரு குழாய் ஓடுது. அதான் மெல்ல வருது," என்றார் அந்த அம்மா. "ஆமா, டேங்க் எப்படிக் காலியாச்சு? முள்ளை நம்புனீங்களா?"

"ஆமாம்மா."

"முள்ளை நம்பவே கூடாது. அடியில கையால தட்டிப் பாருங்க, சத்தத்துலயே தெரியும்."

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"பதினோரு வருஷமா பார்க்கிறேனே," என்றார் அந்த அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் கேன் நிறைவதற்குள் கேட் கிறீச்சிட்டது. பத்து நிமிஷம் முடிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் நுரைக் கோபுரமும் ஒரு கண்ணை மூடிய முகமுமாக மனைவி வந்து நின்றாள். கையில் கார் சாவி.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அடடா, வாம்மா. இங்கயே குனிஞ்சு அலசிக்கோ. சார், கேனை அப்புறம் பிடிங்க. பொம்பளை கண்ணெரிச்சலோட நிக்கிறா, அதென்ன வேடிக்கை?"

மனைவி குழாயடியில் குனிந்தாள். தண்ணீர் தலையில் பட்டதும் அவள் விட்ட பெருமூச்சு அவருக்குப் பாட்டு மாதிரி கேட்டது.

"எவ்வளவு நல்ல மனசுக்கா உங்களுக்கு," என்றாள் குனிந்தபடியே. "முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு வீட்டைத் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? என்னங்க, வண்டியை விக்க வேண்டாம். ஊரைச் சுத்தினாத்தான் இப்படி மனுஷங்களைப் பார்க்க முடியும்."

அவர் கையைக் கூப்பினார். "அம்மா, எங்க ஊர்ப்பக்கம் வந்தா நீங்க அவசியம் எங்க வீட்டுக்கு வரணும்."

"வர்றோம். குழாய் காம்பவுண்டுக்கு உள்ளயா, வெளியிலயா?"

இது என்ன கேள்வி என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டின் பின்பக்கமிருந்து ஒருவர் ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். இவர்களை ஏறிட்டும் பார்க்காமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"நம்ம டேங்க் நிறைஞ்சுடுச்சு, டிரெய்லரைப் பின்வழியா எடுத்துடலாம், சீக்கிரம் வா. வளைவுல ஒரு கார் திரும்புது, இந்த வீட்டுக்காரங்களாத்தான் இருக்கும்."