எதிர்ல போடப் போறாங்களாம்

"கட்டிலா? நான் ஆஸ்பத்திரி நடத்தறேனா, சத்திரம் நடத்தறேனா?" என்றார் முதலாளி.

"நோயாளிக்குத் துணைக்கு வர்றவங்க வராண்டாவுல வெறுந்தரையில படுக்கறாங்க சார். ஸ்ட்ரெச்சர் தள்ளணும்னா ஒவ்வொருத்தரா எழுப்ப வேண்டியிருக்கு," என்றார் தலைமை டாக்டர்.

"முடியாதுன்னா முடியாதும்மா."

"சரி சார். எதிர் ஆஸ்பத்திரியில போடப் போறாங்கன்னு காதுல விழுந்துது. அதான் கேட்டேன்."

எழுந்தவரை முதலாளி கையமர்த்தினார். "உட்காருங்க டாக்டரம்மா. அவன் போடறதுக்கு முன்னால நாம போட்டாகணும். மெத்தையும் சேர்த்துப் போடுங்க. அவன் வயிறு எரியட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அங்க தலைமை டாக்டரா இருக்கற அந்தம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

"நேர்ல பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குவோம் சார்."

கதவைச் சாத்திவிட்டு வந்தவர், வராண்டா ஜன்னலருகே நின்று போன் போட்டார்.

"அக்கா, கட்டில் கிடைச்சாச்சு. மெத்தையோட."

எதிர்க் கட்டிடத்து ஜன்னலில், வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி காதில் போனோடு சிரித்தாள். "இங்க நர்ஸுங்க வீட்டுக்குப் போக வேன் விடறதுக்கு எங்காளு ஒத்துக்கிட்டார்டி. நீங்க வாங்கப் போறீங்கன்னு அடிச்சு விட்டேன். நாளைக்கு நீ போய் உங்காளுகிட்ட வேன் பேச்சை எடு."

"எடுக்கறேன். ஆனா பொய் சொன்னது உறுத்துதுக்கா. நீங்க கட்டில் போடறதாவே இல்லையே."

"உறுத்த வேண்டாம். இப்போ எங்க முதலாளி ரூமுக்குத்தான் போறேன். சாயங்காலத்துக்குள்ள அதை உண்மையாக்கிடறேன்."