மரகதவல்லி கெஞ்சும் காட்சி

‘தலைநிமிர்ந்து புருஷன் வீட்டை விட்டுப் போனவளை நான் எப்படித் திரும்பக் கூட்டிவருவேன்?’ இயக்குநர் பேசப் பேச இளவெயினி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்று தொடராகிறது; பார்க்கிறவர்கள் கேட்கிறபடி வீட்டுக்கு வீடு கதையைச் செயற்கை நுண்ணறிவு மாற்றிக் காட்டும் தொடர். அதில் நாயகி மரகதவல்லியாக நடிப்பவள் அவள்.

“மூணு லட்சம் வீட்ல மரகதவல்லி திரும்பி வரணும்னு கேக்கறாங்க மேடம். அவங்க டிவியில மட்டும் வருவா. உங்க வீட்ல நாவல்ல இருக்கறபடியே பாருங்க.”

“மத்த மாத்தமெல்லாம் மெஷின்தானே பண்ணுது? இதையும் பண்ணட்டும்.”

“பண்ணுச்சு, சகிக்கல. உங்க பழைய படம் அத்தனையும் குடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுலகூட நீங்க கெஞ்சல. இந்த முகம் எப்படிக் கெஞ்சும்னு அதுக்குத் தெரியல. மாமனார் கால்ல ஒரே ஒரு தடவை விழுங்க, போதும். மாமனாரா நடிக்கறவரு வேற, ‘அந்தம்மா என் கால்லயா’ன்னு இப்பவே நடுங்கறாரு.”

இளவெயினிக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக எத்தனையோ கெஞ்சும் வேஷங்களை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாய்ப்பில்லாமல் வீட்டில் இருந்திருக்கிறாள். பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம் என்று எண்ணியிருந்தாள். அந்த நாட்களெல்லாம் இந்த முகத்தில் சேர்ந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

காமிரா தயாராக இருந்தது. அவள் வேஷத்துக்கு அணிந்திருந்த காசுமாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“மெஷினுக்கு அது தெரியாமலே இருக்கட்டும் சார்” என்றாள்.