அக்காவுக்கு என்ன லாபம்?

"உங்களுக்கு இதுல ஒரு பைசா ஏறாதேக்கா. அப்புறம் ஏன் இப்படி அலையிறீங்க?"

ஈரப் படுக்கை விரிப்பை இஸ்திரி உருளைக்குள் தள்ளிவிட்டபடியே கேட்டாள் குருவி. ஆள் ஒல்லி, பேச்சு அதிகம். அதனால் அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் குருவிதான்.

மறுமுனையில் விரிப்பை வாங்கி மடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அக்கா நிமிரவில்லை. "வாய் பாட்டுக்குப் பேசட்டும், கையைப் பாத்து. உருளை சுட்டுடும்."

அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி இரண்டு மாதமாகியும் முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குருவி மாதிரிப் பெண்களுக்கோ வாயைத் திறக்கவே பயம். அக்காதான் கிளம்பினாள். லீவு போட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து உட்காரவைத்துப் பேசினாள். "முதல்ல உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்" என்று முதலாளி மிரட்டியபோதும் அசைந்து கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் அக்காவின் சம்பளம் புதிய கூலியைவிட ஒரு டீக்காசு அதிகம். புதுச் சட்டத்தால் அவளுக்கு ஒரு பயனும் கிடையாது.

"தலைவி ஆகப் பாக்குறா" என்றாள் அழுக்குத் துணி பிரிப்பவள்.

"அடுத்தவங்க கஷ்டம் பொறுக்காத மனசுடி" என்றாள் இன்னொருத்தி.

குருவிக்கு இரண்டுமே ஒட்டவில்லை. நேற்றுகூட ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அவளை வறுத்தெடுத்தவள்தானே இந்த அக்கா? அப்புறம் எதற்காக இந்த ஓட்டம்? யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஒருவழியாக முதலாளி இறங்கி வந்தார். புதுச் சம்பளம் கைக்கு வந்த அன்று குருவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெத்த தாய்கூட இப்படி நின்னிருக்க மாட்டாக்கா."

"அழுதது போதும். மூஞ்சியக் கழுவிட்டு என்கூட வா. முதலாளியப் பாக்கணும்."

"நன்றி சொல்லவாக்கா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். என் பக்கத்துல நின்னா போதும்."

முதலாளியின் அறையில் மேலாளரும் இருந்தார். அக்கா குருவியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"ஐயா, இவ சேந்து இன்னும் வருஷம் திரும்பல. நான் பதினாறு வருஷமா இங்க பொறுப்பு பாக்குறேன். இப்ப ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். நாளைக்கு நான் ஒரு வேலை சொன்னா இவ மதிப்பாளா? நீங்களே சொல்லுங்க."

குருவி சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாள். முதலாளி அவளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, உனக்கும் ஏத்தித் தொலைக்கிறேன்" என்று முனகினார்.

அருகில் நின்ற மேலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அப்போ சார், இவங்க சம்பளமும் என் சம்பளமும்..."