காது மறக்காத சத்தம்

மத்தியான வெயில் கட்டில்வரை நீண்டு கிடக்கிறது. வீடு பரிசோதிக்கும் கம்பெனியின் முதலாளி நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். சீலிங்கிலிருந்து தூள் உதிர்கிறதென்று வீட்டுக்காரி கூப்பிட்டிருக்கிறாள். வேலைக்கு ஆள் வைத்த பிறகு அவர் எந்த வீட்டையும் தட்டிப் பார்த்ததில்லை. வருகிற ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. "உங்க கையெழுத்தப் பாத்துதான் சார் இந்த வீட்டக் கண்ண மூடிக்கிட்டு வாங்கினோம்," என்கிறாள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஓரத்திலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார். கெட்டியாகக் கேட்ட சத்தம், கட்டிலுக்கு நேர்மேலே வந்ததும் காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் மாறுகிறது. பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து தொங்குகிறது. இன்னொரு தட்டுக்குக் கை துணியவில்லை. கீழே கட்டிலில் குழந்தை குப்புறப் படுத்துத் தூங்குகிறது. அதன் முடியெல்லாம் வெள்ளைத் தூள். "பயப்பட ஒண்ணும் இல்லையே சார்?" மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அவர் சொல்கிறார்: "சத்தம் போடாம குழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய போங்கம்மா."