வைஃபை பெட்டியின் விருந்தாளி

வெளியூர் வேலைக்குப் போயிருந்த செல்போன், அங்கே எடுத்த படங்களை டிவி அண்ணனிடம் காட்டும் ஆசையோடு வீடு திரும்பியது. பழைய வைஃபை பெட்டியைக் கேபிள்காரர் மாற்றியிருந்தார்.

"யாருப்பா நீ?" என்றது புதுப் பெட்டி.

"இந்த வீட்டுப் பிள்ளைதாங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பாஸ்வேர்டைச் சொல்லு."

செல்போன் பழைய பாஸ்வேர்டைச் சொன்னது.

"தப்பு. வேணும்னா விருந்தாளியா வா. இன்டர்நெட் கிடைக்கும். வீட்டுல இருக்கறவங்களோட பேச முடியாது."

வேறு வழியில்லாமல் செல்போன் அப்படியே உள்ளே போனது. எதிரிலேயே டிவி இருந்தது. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டது. பெட்டி அந்தக் குரலை டிவியிடம் சேர்க்கவில்லை.

சற்று நேரத்தில் டிவி பெட்டியிடம் கேட்டது: "யாரோ வந்திருக்கற மாதிரி இருக்கே?"

"யாரோ விருந்தாளி."

"சரிங்க. இன்னிக்கு எங்க தம்பி வர்றான். அவன் வந்தா உடனே சொல்லுங்க."